பேரில்லாத அந்தக் கிராமம்: ரோல்பிளேயிங் கேம்களில் ஆப்பிரிக்கா

நான் முதல்முறையாகக் கதை நடத்திய ஆட்டத்தில் ஒரு கிராமத்தை ஐந்தே நொடியில் உண்டாக்கினேன். மொட்டைமாடி அறை, நண்பர்கள் நாலு பேர், நடுவில் ஒரு தட்டு வெங்காய பஜ்ஜி, எண்ணெய்க் கையோடு பகடையைத் தொடாதீர்கள் என்று நான் கத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர்களுடைய கேரக்டர்கள் கப்பலை விட்டு இறங்கி அடர்ந்த காட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள், நான் அந்தப் பக்கத்துக்கு எதுவுமே தயார் செய்து வைத்திருக்கவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: தூரத்தில் மேளச் சத்தம், மரமுகமூடி போட்ட ஆட்கள், கையில் ஈட்டி, நடுவில் ஒரு பெரிய அண்டா கொதிக்கிறது. எல்லாரும் சிரித்தார்கள், பகடையை எடுத்தார்கள், அரைமணி நேரத்தில் கிராமம் காலி.

ஆட்டம் முடிந்து தட்டைக் கழுவும்போது ஒருவன் கேட்டான்: "டேய், அந்த ஊருக்குப் பேரு என்னடா?"

பேர் வைக்கவே இல்லை. அதற்கு முந்தின வாரம் ஐரோப்பா சாயலில் இருந்த ஊரில், சத்திரக்காரர் வளர்த்த நாய்க்குக்கூட நான் பேர் வைத்திருந்தேன்.

ரோல்பிளேயிங் கேம் விளையாடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இது போர்டு இல்லாத, கதையாலேயே நடக்கும் விளையாட்டு. ஒருவர் உலகத்தைச் சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடுகிறேன்" என்று சொல்வார்கள், பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இந்த வகையின் தாத்தா, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் அமெரிக்காவில் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். உலகத்தை நாமே உருவாக்கலாம், அல்லது கம்பெனிக்காரர்கள் வரைபடம், ஊர்கள், மக்கள், அரக்கர்கள் எல்லாம் சேர்த்து அச்சிட்டு விற்கும் தயார் உலகங்களை வாங்கலாம். அப்படி விற்கப்படும் உலகங்களில் பெரும்பாலானவற்றின் நடுப்பகுதி கோட்டையும் குதிரை வீரனுமாக இடைக்கால ஐரோப்பா போலிருக்கும். தெற்கே, வரைபடத்தின் ஓரத்தில், ஒரு காடு இருக்கும். அதுதான் "ஆப்பிரிக்கா".

இனி ஸ்டீரியோடைப். இது முதலில் அச்சகத்துச் சொல். எழுத்துக் கோத்த ஒரு பக்கத்தை அப்படியே ஒரே உலோகத் தகடாக வார்த்து வைத்துக்கொண்டால், மறுபடி எழுத்துக் கோக்காமல் அதே பக்கத்தை எத்தனை ஆயிரம் தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம், அந்தத் தகடுக்குத்தான் அந்தப் பேர். அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1922-ல் இந்தச் சொல்லை எடுத்து, மனிதர்களைப் பற்றி நம் தலைக்குள் தயாராகக் கிடக்கும் படங்களுக்குச் சூட்டினார். என் அண்டாவும் முகமூடியும் அந்த மாதிரி ஒரு தகடுதான், நான் யோசிக்கவில்லை, எடுத்து அடித்தேன்.

அந்தத் தகடு எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று யோசித்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் எந்த ஆப்பிரிக்க நாட்டுக்கும் போனதில்லை. ஆனால் மண்டையோட்டுக் குகையில் குடியிருந்துகொண்டு காட்டுக்கே நீதி சொன்ன முகமூடிக்காரரின் காமிக்ஸை எத்தனை தடவை படித்திருக்கிறேன் என்று கணக்கில்லை. அப்புறம் நம் பழைய படங்கள். உடம்பெல்லாம் கரி பூசிய துணை நடிகர்கள் இலைப் பாவாடையோடு சுற்றி வந்து புரியாத பாஷையில் கத்த, நடுவில் கட்டிப்போட்ட காமெடியன் முழிப்பாரே, அதற்கு விழுந்து விழுந்து சிரித்தவன்தான் நானும். கைகாக்ஸுக்கும் இதே கதைதான், என்ன, அவர் படித்தது ஆங்கிலத்தில். தன் விளையாட்டுக்குத் தூண்டுதலாக இருந்த எழுத்தாளர்களின் பட்டியல் ஒன்றை 1979-ல் அவரே வெளியிட்டார், அதில் கணிசமான பேர் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மலிவுப் பத்திரிகைகளில் சாகசக் கதை எழுதியவர்கள். ஐரோப்பிய நாடுகள் ஆப்பிரிக்காவைப் பங்குபோட்டு ஆண்டுகொண்டிருந்த காலத்துச் சரக்கு அது. யாரும் உட்கார்ந்து திட்டம் தீட்டவில்லை, தகடு கைமாறிக்கொண்டே வந்தது, அவ்வளவுதான்.

சரி, இந்தத் தகடு விளையாட்டுக்குள் எங்கெங்கே ஒளிந்திருக்கும்? புதியவர்கள் பொதுவாகப் படங்களில் தேடுவார்கள், முகமூடி இருக்கிறதா, மூக்கில் எலும்பு இருக்கிறதா என்று. அது சுலபமாகக் கண்ணில் படும் பகுதி. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது கதை எந்த இடத்தில் நின்றுகொண்டு ஆரம்பிக்கிறது என்பது.

2017-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக வந்த டூம் ஆஃப் அனைஹிலேஷன் என்ற சாகசப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். களம் சுல்ட், ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற உலகத்தின் தெற்கில் உள்ள காட்டுத் தீபகற்பம். டைனோசர், நடமாடும் பிணங்கள், நோய், மழை. இதை எழுதியவர்கள் முயற்சியே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். போர்ட் நியான்சாரு என்று ஒரு துறைமுக நகரம் வைத்திருக்கிறார்கள், அதை ஆள்வது கறுப்பினத்து வணிகப் பிரபுக்கள் ஏழு பேர், பணக்காரர்கள், தந்திரசாலிகள், தெருவில் டைனோசர் பந்தயம் நடக்கும், நன்றாகவே இருக்கும். ஆனால் கதை ஆரம்பிப்பது அங்கே இல்லை. வடக்கே வேறொரு நகரத்தில், ஒரு பணக்கார மந்திரவாதியம்மா சாபத்தால் செத்துக்கொண்டிருக்கிறார், சாபத்தின் மூலம் சுல்ட்டில் இருக்கிறது, நம் கேரக்டர்களை மந்திரத்தால் அங்கே அனுப்பிவைக்கிறார். கையில் ஒரு வரைபடம். அறுகோணக் கட்டங்கள், கடற்கரையோரம் கொஞ்சம் விவரம், உள்ளே போகப் போக வெறுமை.

அந்த வெறுமையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அங்கே ஆட்கள் வாழ்கிறார்கள். நியான்சாருவில் வழிகாட்டிகளைக் கூலிக்கு அமர்த்தலாம், அவர்களுக்குக் காடு தெரியும். அப்படியிருந்தும் வரைபடம் வெறுமையாக இருக்கிறதென்றால், அது வடக்கிலிருந்து வந்தவனின் அறியாமையைத்தான் அந்த நிலத்தின் குணமாக வரைந்து வைத்திருக்கிறது. நிஜ ஆப்பிரிக்காவின் பழைய ஐரோப்பிய வரைபடங்களிலும் இதே காலி இடம்தான், இதே போல உள்ளே போய் "கண்டுபிடித்தவர்"தான், பக்கத்தில் மூட்டை சுமந்த நூறு பேருக்குப் பேர் கிடையாது. விளையாடும்போது ஒரு கட்டத்தைத் திறந்தால் கிடைக்கும் சந்தோஷம் இருக்கிறதே, அதை நான் மறுக்கவில்லை, அருமையான விளையாட்டு உத்தி அது. அந்த உத்தி யார் கண்ணால் பார்க்க வைக்கிறது என்பதுதான் விஷயம். இதே புத்தகத்தில் மரமுகமூடி போட்ட பூதக்குட்டிக் கூட்டம் ஒன்றும் காட்டில் உண்டு, பட்டிரி என்று பேர். என் கிராமம் எங்கே படித்த ஞாபகத்தில் வந்திருக்கும் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

அடுத்தது தொலைந்த நகரம். காட்டுக்குள் பிரம்மாண்டமான கல் இடிபாடு, கட்டியவர்கள் யாரோ மர்மமான ஆதி இனம், இப்போது சுற்றி வாழும் மக்களுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது, பயந்து ஒதுங்கியிருப்பார்கள். ஃபேன்டஸியில் இது நூறு தடவை அடித்த தகடு. நிஜத்தில் இதற்கு ஒரு விலாசமே உண்டு: கிரேட் ஜிம்பாப்வே. சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய நகரம், சில இடங்களில் மதில் 11 மீட்டர் உயரம், 11-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரை ஷோனா மக்களின் முன்னோர்கள் கட்டி வாழ்ந்த இடம். 1871-ல் அங்கே போன கார்ல் மாவ்ஹ் என்ற ஜெர்மானியர் வாசலில் இருந்த மரத்துண்டைச் செதுக்கிப் பார்த்தார், அது தன் பென்சில் மரம் மாதிரியே இருக்கிறது, ஆகவே தேவதாரு, ஆகவே லெபனானிலிருந்து வந்தது, ஆகவே இது பைபிளில் வரும் ஷீபா ராணியின் அரண்மனை என்று முடிவுகட்டினார். பென்சிலை வைத்து ஒரு மக்களின் வரலாற்றையே தூக்கி வேறு கையில் கொடுத்துவிட்டார் மனுஷன்! 1905-லும் 1929-லும் அகழாய்வு செய்தவர்கள் ஆப்பிரிக்கர்கள் கட்டியதுதான் என்று சொல்லியும், அந்த நாட்டை ரொடீசியா என்ற பேரில் ஆண்ட வெள்ளையர் அரசு கடைசி வரை அந்த உண்மையை ஓரங்கட்டவே பார்த்தது. 1980-ல் விடுதலையானபோது அந்த நாடு தன் பேரையே அந்த நகரத்திலிருந்து எடுத்துக்கொண்டது.

இப்போது விளையாட்டுக்கு வாருங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் போட்டியாளரான பாத்ஃபைண்டரில் முவாங்கி எக்ஸ்பான்ஸ் என்று ஒரு நிலப்பரப்பு, ஆப்பிரிக்கச் சாயல். 2010-ஐ ஒட்டி அங்கே நடக்கும் தொடர் சாகசம் ஒன்று வந்தது, காட்டு நடுவில் சாவெந்த்-யி என்ற தொலைந்த நகரம். கட்டியது யார்? அஸ்லாந்தி, கடல்கொண்ட வேறொரு கண்டத்து ஆதி மனிதர்கள். அதே பென்சில். எழுதியவர்களுக்கு மாவ்ஹைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

மூன்றாவது, எண்கள். ரோல்பிளேயிங் கேமுக்கு மட்டுமே உரிய சிக்கல் இது, ஏனென்றால் நாவலில் "அவர்கள் முட்டாள்கள்" என்று ஒரு பாத்திரம் சொன்னால் நாம் நம்பாமல் இருக்கலாம், விளையாட்டில் அதுவே விதியாகிவிடுகிறது. பலம், வேகம், அறிவு என்று ஆறு எண்கள் ஒவ்வொரு கேரக்டருக்கும் உண்டு. 2016-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு வந்த ஒரு விதிப் புத்தகத்தில், ஓர்க் என்ற முரட்டு அரக்க இனத்தில் கேரக்டர் எடுத்தால் பலத்தில் 2 கூடும், அறிவில் 2 குறையும். பிறப்பாலேயே. படிக்க வைத்தாலும் குறைந்ததுதான். ஓர்க் கற்பனைதானே, யாருக்கு என்ன என்று கேட்கலாம், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் "உடம்பில் பலசாலி, மண்டையில் மந்தம், கூட்டமாக வந்து தாக்குவார்கள், நாகரிகம் தெரியாது" என்ற வாக்கியத்தை ஓர்க் என்ற சொல்லை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள், அடிமை வியாபாரம் நடந்த காலத்தில் யாரைப் பற்றி யார் எழுதியது என்று தெரியும். நிஜ மனிதர்கள்மேல் ஒட்டப்பட்டிருந்த அந்தப் பட்டியல் முழுசாகக் கழன்று அரக்கன்மேல் ஒட்டிக்கொண்டது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கம்பெனியே 2020 ஜூனில் ஓர்க்குகளையும், எல்ஃப் என்ற கூர்க்காது இனத்தில் கருந்தோல் கொண்டவர்களான டிராவ்களையும் சித்தரித்த விதம் நிஜ உலகில் மக்கள் இழிவுபடுத்தப்பட்ட விதத்தை நினைவூட்டுகிறது என்று ஒப்புக்கொண்டது, அறிவுக் கழித்தலையும் நீக்கியது. 2024 விதிப் புத்தகத்தில் "ரேஸ்" என்ற சொல்லே இல்லை, "ஸ்பீஷீஸ்" வந்துவிட்டது. சொல் மாறினால் போதுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, நான் அதற்குள் போகவில்லை.

ஆனால் திருந்திவிட்டேன் என்று சொன்ன இரண்டே வருடத்தில் அதே கம்பெனி விழுந்தது, அதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் உபயோகமான உதாரணம். 2022 ஆகஸ்டில் ஸ்பெல்ஜாமர் என்ற விண்வெளிக் கப்பல் உலகத்தைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். அதில் ஹடோஸீ என்று குரங்கு போன்ற ஒரு இனம், பழைய புத்தகங்களிலும் இருந்ததுதான். புதிய புத்தகத்தில் அதற்கு ஒரு முன்கதை எழுதினார்கள்: பூனை அளவில் இருந்த இந்தப் பிராணிகளை ஒரு மந்திரவாதி பிடித்து, மருந்து கொடுத்து, அறிவும் இரண்டு கால் நடையும் வரவைத்து, படையாக்கி அதிக விலை கேட்பவருக்கு விற்கத் திட்டமிட்டான். அவனுடைய சீடர்கள் மனமிரங்கி விடுவித்தார்கள். அந்த மருந்தின் பக்கவிளைவாக அடிபட்டாலும் தாங்கும் உடம்பு இவர்களுக்கு வந்தது.

குரங்கு, பிடித்துக்கொண்டு போதல், விற்பனை, எஜமானின் பக்கத்து ஆட்களுடைய பெருந்தன்மையால் விடுதலை, வலி தாங்கும் உடம்பு. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் சாதாரண ஃபேன்டஸிதான், இந்த ஐந்தும் ஒரே பக்கத்தில் வந்து சேர்ந்தால் அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தைத் தவிர வேறு எதுவும் ஞாபகத்துக்கு வராது. வலி விஷயம் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 1851-ல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க டாக்டர், கறுப்பினத்தவருக்கு உடம்பில் உணர்ச்சி மழுங்கிப்போகும் வியாதி இருக்கிறது என்றும், அடிமைகள் தப்பி ஓடுவதே ஒரு மனநோய் என்றும் மருத்துவப் பெயர்களெல்லாம் சூட்டிக் கட்டுரை எழுதினார். சவுக்கடிக்கு அது வசதியான அறிவியல். போதாக்குறைக்கு, ஸ்பெல்ஜாமர் புத்தகத்தில் ஹடோஸீ ஒன்று வாத்தியத்தோடு காலைத் தூக்கி ஆடும் படம், 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்து நடத்திய மின்ஸ்ட்ரல் கூத்துகளின் சுவரொட்டி போலவே இருந்தது. செப்டம்பர் 2 அன்று கம்பெனி மன்னிப்புக் கேட்டது, முன்கதையையும் படத்தையும் எடுத்துவிட்டது. எழுதியவர்கள் வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. தகடு என்றால் அதுதானே, எழுத்துக் கோக்கிற வேலை இல்லை, கை தானாக எடுத்து அடித்துவிடும்.

"அட, கதைதானே, இதற்கெல்லாமா" என்று தோன்றினால் நம் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1977-ல் வந்த இதே விளையாட்டின் அரக்கர் புத்தகத்தில் ராட்சசன் இருக்கிறான். புலித் தலை, ஜமீன்தார் போல நீள அங்கி, வாயில் புகைக்குழாய். ஆசீர்வதிக்கப்பட்ட குறுக்குவில் அம்பு ஒன்று பட்டால் செத்துப்போவான். பாட்டி சொன்ன ராவணனையும் கும்பகர்ணனையும் மனதில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. 1980-ல் தெய்வங்களுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார்கள், அதில் இந்திரனுக்கும் காளிக்கும் ஹிட் பாயிண்ட் கொடுத்திருக்கிறார்கள், அதாவது எத்தனை வெட்டு வாங்கினால் சாவார்கள் என்ற கணக்கு. எகிப்து, கிரேக்கம், ஜப்பான், ஃபின்லாந்து எல்லாம் உண்டு. எகிப்தைத் தவிர்த்த ஆப்பிரிக்காவுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. எகிப்தை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்துவிட்டு மிச்சத்தைக் காடாக்குவது இன்றைக்கும் பல விளையாட்டுகளில் தொடர்கிறது.

மிச்சம் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். எகிப்து போக 53 நாடுகள், பரப்பளவில் இந்தியாவைப்போல் ஒன்பது மடங்கு, நைஜீரியாவில் மட்டும் பேசப்படும் மொழிகள் 500-ஐ ஒட்டி. மழைக்காடு அதில் ஒரு பகுதிதான், பாலைவனமும் புல்வெளியும் பனி மலையும் உண்டு. இதையெல்லாம் ஒரே "பழங்குடி"யாக்குவது ஸ்காட்லாந்துக்காரரையும் சிசிலிக்காரரையும் ஒரே ஊரில் குடிவைத்து "ஐரோப்பியக் குலம்" என்று பேர் போடுவதற்குச் சமம்.

புகழ்வதும் தகடாகலாம் என்பதைப் புதியவர்கள் தவறவிடுவார்கள். "இயற்கையோடு ஒன்றியவர்கள்", "ஆன்மிக ஞானிகள்", "பிறவி வீரர்கள்" என்று எழுதினால் மரியாதை செய்துவிட்டதாக நினைப்போம், ஆனால் அந்த ஊரில் கணக்குப் பிள்ளை இருக்கமாட்டார், வட்டிக்கு விடுகிறவர் இருக்கமாட்டார், சோம்பேறி இருக்கமாட்டான், மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிற மருமகள் இருக்கமாட்டாள்.

நன்றாகச் செய்தவர்களும் உண்டு. 2002-லேயே நியாம்பே என்று ஒரு புத்தகம் முழுக்க ஆப்பிரிக்கத் தொன்மங்களை வைத்து ஒரு உலகம் கட்டிப் பார்த்தது. எனக்குப் பிடித்தது, மேலே திட்டினேனே, அதே முவாங்கி. 2021-ல் பாத்ஃபைண்டர்காரர்கள் அந்த நிலப்பரப்பைத் திரும்ப எழுதினார்கள், கறுப்பின எழுத்தாளர்கள் பலர் சேர்ந்து. பழைய பதிப்பில் சர்காவா என்று ஒரு குடியேற்ற நாடு இருந்தது, வெளியிலிருந்து வந்தவர்கள் ஆள, உள்ளூர் மக்கள் உழைக்க. புதிய பதிப்பில் மக்கள் கிளர்ந்து அதைத் தூக்கியெறிந்துவிட்டார்கள், நாட்டின் பேர் விட்ரியன். பழைய தவறை அழிக்காமல் கதைக்குள்ளேயே வரலாறாக்கியது எனக்குப் பிடித்திருந்தது. அதே வருடம் வந்த தொடர் சாகசத்தில் நீங்கள் கப்பலில் வந்து இறங்கும் ஆளாக இருக்க வேண்டியதில்லை. நந்தாம்பு நகரத்தில் மகாம்பியா என்ற மிகப் பழமையான மந்திரக் கல்விக்கூடத்தில் மாணவர்கள் நீங்கள். உலகமே இருண்டு கிடந்த காலத்தில் மந்திரக் கல்வியை மீட்டவர் நிறுவிய இடம். ஊர்க்காரர்களுக்கு உதவி செய்வது பாடத்தின் ஒரு பகுதி, ஆகவே ஊர்க்காரர்களின் பேர் தெரிந்தாக வேண்டும். கதை நிற்கும் இடம் மாறியதும் எவ்வளவு மாறுகிறது பாருங்கள், முகமூடியை எடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, முகமூடியைச் செதுக்கியவர் யார், எந்தத் திருவிழாவுக்கு, எவ்வளவு கூலி என்று தானாக எழுத வேண்டியதாகிவிடும்.

நான் என் கிராமத்தைத் திரும்ப எழுத உட்கார்ந்தபோது இபின் பதூதா என்ற மொராக்கோ நாட்டுப் பயணி கைகொடுத்தார். 1352-ல் சகாராவைக் கடந்து மாலி நாட்டுக்குப் போகும் வழியில் தகாஸா என்ற ஊரைப் பார்த்து எழுதியிருக்கிறார். வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டியவை, கூரை ஒட்டகத் தோல், சுற்றி ஒரு மரம் கிடையாது. பூமியிலிருந்து உப்பை வெட்டியெடுத்து ஒட்டகத்தில் ஏற்றித் தெற்கே அனுப்புவார்கள், அங்கே அதைத் துண்டுபோட்டுப் பொன், வெள்ளி போலவே காசாகப் புழங்குவார்கள். வெட்டுகிறவர்கள் அடிமைகள் என்பதையும் அவர் எழுதியிருக்கிறார், அதை மறைத்துவிட்டு உப்பு மாளிகை ஜொலிக்கிறது என்று மட்டும் நான் சொன்னால் அது வேறு மாதிரிப் பொய். இதைவிட நல்ல ஃபேன்டஸி ஊரை நான் கற்பனை செய்ய முடியாது, கற்பனையே தேவைப்படவில்லை.

நண்பர்களை அங்கேயே பிறந்தவர்களாக்கினேன். ஒருவன் ஒட்டக வியாபாரி, ஒருவன் சட்டம் படித்தவன், ஒருத்தி தப்பியோடிய அடிமையை வீட்டுக்குள் ஒளித்து வைத்திருப்பவள், இன்னொருவன் கடன்காரன். வாளை யாருமே உருவவில்லை. ஒரு ஒட்டகச் சுமை உப்பு என்ன விலை என்று ஆரம்பித்து இரண்டு மணி நேரம் பேரம் பேசினார்கள், பஜ்ஜி ஆறிப்போய்விட்டது. பேர் கேட்டானே, அதே பையன், இந்தத் தடவையும் தட்டைக் கழுவும்போது திரும்பினான்.

"ஏண்டா, இந்த ஊர்ல நாயே இல்லியா?"

ஊருக்கும் தெருவுக்கும் மூன்று ஒட்டகங்களுக்கும் பேர் வைத்தவன், நாயை மறந்திருந்தேன்.